தட்டிப் பார்த்து வாங்கிய அரிவாள்

மானாமதுரைப் பக்கம் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். அதில் பாதி, ஆறு வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஜே.சி.பி. வைத்துத் தள்ளக் காசில்லை. கணவன், மனைவி, மச்சினர் மூன்று பேரும் சேர்ந்து தை மாதத்தில் வெட்ட இறங்கினார்கள். மூன்றாம் நாளே வேலை நின்றுபோனது.

காரணம், சந்தையில் 350 ரூபாய்க்கு வாங்கிய வெட்டரிவாள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பிடிக்கு வார்னிஷ்கூட அடித்திருந்தார்கள். கணுவில் ஓங்கிப் போட்ட வெட்டில், பிடி மட்டும் அவர் கையில் நின்றது. இரும்பு கழன்று பறந்தது. நாலடி தள்ளி முள்ளை இழுத்துக்கொண்டிருந்த மச்சினருக்குக் கெண்டைக்காலில் ஒன்பது தையல். கூலி வேலைக்குப் போகிற மனுஷன் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ராத்திரி அந்த இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தார் அந்த விவசாயி. பிடிக்குள் போயிருந்த வால் இரண்டு விரற்கடைதான் இருந்தது. பூண் கிடையாது. ஓட்டையில் ஏதோ பிசினை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். வாயோ இருபது இடத்தில் மடங்கிக் கிடந்தது. “இதை வாங்கும்போது பார்த்திருந்தா அவன் காலு தப்பிச்சிருக்கும்” என்றார் மனைவியிடம்.

பட்டறைக்குப் போனார்கள்

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்தில் சாமிக்கு நேர்த்திக்கடனாகக்கூட அரிவாள் செய்து வைப்பார்கள். அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், எழுபதைத் தாண்டிய ஆசாரியார் ஒருவரிடம் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். பெரியவர் முதலில் பெயர், ஊர், செல் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டார். 2021 செப்டம்பரில் போலீஸ் சொன்னதிலிருந்து, வாங்குகிறவர் விவரத்தை எழுதாமல் அவர் அரிவாள் கொடுப்பதில்லை.

“எவ்வளவு எடை வேணும்?” என்று கேட்டார். “நல்லா கனமா இருக்கட்டும், பெரியவரே” என்றார் விவசாயி. ஆசாரியார் பதில் பேசாமல், மூலையில் கிடந்த இரண்டு அரிவாளை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். ஒன்று ஒன்றரைக் கிலோ, இன்னொன்று ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கிடந்த கட்டையில் இரண்டாலும் இருபது இருபது வெட்டு வெட்டிப் பார்க்கச் சொன்னார். கனத்ததில் பதினைந்தாவது வெட்டிலேயே குறி தப்பியது. “என்னங்க, இதைப் பொழுதன்னிக்கும் யாரு தூக்குறது? எனக்கு இந்தச் சின்னது போதும்” என்றார் அவர். கிளை கழிப்பதில் பாதிக்கு மேல் அந்த அம்மாவின் வேலைதான். கை சோர்ந்தால் கனமே ஆபத்தாகிவிடும் என்பது அங்கேயே புரிந்துபோனது.

இரும்பு எது?

லாரியின் ஸ்பிரிங் பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறார்கள். சாதாரண கட்டுக்கம்பியிலும் தகட்டிலும் கார்பன் குறைவு. என்னதான் காய்ச்சித் தோய்த்தாலும் உறுதி ஏறாது. ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.5 முதல் 0.6 சதவிகிதம் கார்பன் இருக்கிறது. அது வெட்டு வாய்க்கு உறுதியைக் கொடுக்கும், அடியையும் தாங்கும். ஆனால், வருஷக்கணக்கில் பாரம் தாங்கிய பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதிலும் போல்ட் ஓட்டையைச் சுற்றி. அந்த நடுப்பகுதியை ஆசாரியார் வெட்டி ஒதுக்கிவிட்டார். மீதிப் பட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். மணி மாதிரிக் கணீர் என்று இழுத்து ஒலித்தது. விரிசல் விட்டதென்றால் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும்.

துவைச்சல்தான் உயிர்

உலை இருட்டு மூலையில் இருந்தது. வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது என்பதுதான் காரணம். எரிந்ததும் கருவேலங்கரியேதான். அடித்து முடித்த அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்தார். முதுகில் தங்கிய சூடு மெதுவாக வாய்க்கு இறங்கியது. தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்த வாயில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு. ஊதா எட்டிப் பார்க்கும்போது முழுசாகத் தண்ணீரில் அமுக்கினார். “வைக்கோல் நிறத்துல நிறுத்துனா கணுவுல பட்டுத் தெறிக்கும். நீலம் வரைக்கும் விட்டா வாய் மடங்கும்” என்றார். வாய் உறுதியாகவும் முதுகு இளக்கமாகவும் இருந்தால்தான் முரட்டு வேலைக்கு ஆகும்.

பிடிக்குக் காய்ந்த கருவேலங்கட்டை. வாலைக் காய்ச்சி, முழுப் பிடியையும் துளைத்து மறுபக்கம் வெளியே வரச் செருகி, நுனியை மடக்கி அடித்தார். முன்பக்கம் இரும்புப் பூண். விலை 1,100 ரூபாய்.

ஒரு நாள் சோதனை

மறுநாள் காலையில் மச்சினரைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுச் சோதனையைத் தொடங்கினார். முதலில் பச்சைக் கிளை. எந்த அரிவாளும் பச்சையை வெட்டும். அதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பிறகு காய்ந்த கட்டை, அதில் கணு உள்ள இடமாகப் பார்த்து முப்பது வெட்டு. வாயை மேலே தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கூர் இருக்கும் இடத்தில் எதுவும் தெரியாது. மழுங்கிய இடமும் மடங்கிய இடமும் வெள்ளைக் கோடாக மின்னும்.

மின்னியது. மூக்குப்பக்கம் இரண்டு அங்குலம் மடங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. பிடி இம்மியும் அசையவில்லை.

‘ரெண்டு அங்குலம்தானே, விட்டுடலாமா’ என்று யோசித்தார். பெரியவர் மனம் கோணுமோ என்ற தயக்கம் வேறு. “காசு கொடுத்துத்தானே வாங்குனோம்? போய்ச் சொல்லுங்க” என்றார் மனைவி. போனார்.

ஆசாரியார் கோபப்படவில்லை. அரத்தை எடுத்து வாய் நெடுக உரசினார். நல்ல இடத்தில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. மூக்கில் மட்டும் கடித்துப் பிடித்தது. “அரம் ஏறுது தம்பி. என் தப்புதான். மூக்கு மெல்லிசு. உலையிலிருந்து தண்ணிக்குப் போறதுக்குள்ள ஆறிடுச்சு” என்றார். பிடியைக் கழற்றி, திரும்பக் காய்ச்சி, துவைச்சல் போட்டு, பிடியையும் பழையபடி இறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “நீ வந்து சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சது. சொல்லாதவன் அடுத்த தடவை சந்தையில வாங்கிக்கிறான். பட்டறை எதனால படுத்துச்சுன்னே தெரியாமப் போயிடுது” என்றார். அவருடைய மகன் திருப்பூர் கம்பெனிக்குப் போய் எட்டு வருஷமாகிறது.

திரும்பி வந்து அதே கட்டையில் அதே முப்பது வெட்டு. இந்தத் தடவை வெள்ளைக் கோடு தெரியவில்லை.

ஆடிக்குள் நிலம் வெளுத்துவிட்டது. புரட்டாசியில் அந்த இடத்தில் உளுந்து விதைத்தார்கள். அரிவாள் இப்போது மச்சினர் கையில் இருக்கிறது. வேலை நடக்கும்போது வெட்டுகிறவரைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம்.

வாங்கும்போது கவனிக்க...

* வால், பிடி முழுக்கப் போய் மறுபக்கம் மடக்கியிருக்க வேண்டும். பூண் கட்டாயம்.

* சுண்டினால் கணீர் என்ற ஓசை வர வேண்டும்.

* அரத்தை வாயின் நுனி, நடு, அடி மூன்று இடத்திலும் லேசாக உரசிப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி வழுக்க வேண்டும்.

* அதிகம் வெட்டப்போகிறவர் கையில் கொடுத்து எடை பாருங்கள்.

* கதிர் அரிவாள் போல மெல்லிசாகத் தீட்டினால் கணுவில் தெறிக்கும். மிஷின் சாணையில் வாய் நீலம் பூத்தால் துவைச்சல் போய்விட்டது என்று பொருள். தண்ணீர் தெளித்துக் கல்லில் தீட்டுவதே நல்லது.

* பிடி ஆடினால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது பலருக்கும் பழக்கம். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், உள்ளே வாலும் துருப்பிடிக்கும். ஆடுகிற பிடியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இறுக்கிய பிறகே அடுத்த வெட்டு.