பதினான்கு நிமிடம்

இவ்விதழை வாசிக்கும் அன்பர்களுள் பலர் என்னைப் போலவே அறுபதைக் கடந்தவர்களாக இருப்பர். அவர்களுக்கு மிதிவண்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று முதலில் எனக்கும் தயக்கமாகவே இருந்தது. ஆயினும் முழங்காலும் மூச்சும் நம் சொற்படி நடக்கத் தயங்கும் வயதில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பணி ஓய்வு பெற்றபின், மருத்துவரின் அறிவுரைப்படி நாள்தோறும் காலையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். ஐந்து கிலோமீட்டர் பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. அப்போதுதான் 'ப்ரெவே' என்னும் நெடுந்தூரப் பயணங்களைப் பற்றி அறிந்தேன். இது பிரெஞ்சு நாட்டு வழக்கம். 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம் இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்திற்குள் கடக்க வேண்டும். நம் நாட்டிலும் பல நகரங்களில் 200 கிலோமீட்டர் முதலாக இப்பயணங்கள் நடைபெறுகின்றன. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், அவ்வளவே. வழியில் குறித்த இடங்களில், குறித்த நேரத்திற்குள், கையிலுள்ள அட்டையில் முத்திரை பெற வேண்டும். இடையில் வீட்டாரோ நண்பரோ காரில் பின்தொடர்ந்து உதவலாகாது.

முத்திரை, அட்டை, நேரக்கணக்கு என்றதும் என்னுள் இருந்த வங்கி அதிகாரி விழித்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் விடியற்காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டேன். மரக்காணத்தை நெருங்கும் இடத்தில் முத்திரை பெற்றுத் திரும்ப வேண்டும். தெற்கே செல்லும்போது வாடைக் காற்று முதுகைத் தள்ளியது. என் கால்களின் வலிமை என்று எண்ணி மகிழ்ந்தேன். திரும்பும்போதுதான் அக்காற்று எதிரே நின்று கணக்குக் கேட்டது. கல்பாக்கத்தைக் கடந்த சிறிது நேரத்தில் பின்சக்கரம் பஞ்சர் ஆயிற்று. மாற்று டியூப் பையில் இருந்தது, மாற்றத்தான் தெரியவில்லை. பின்னால் வந்த ஓர் இளைஞர் இரக்கங்கொண்டு மாற்றிக் கொடுத்தார். 50 நிமிடம் கழிந்தது. மாலை 6.30-க்கு முடிக்க வேண்டிய பயணத்தை 6.44-க்கு முடித்தேன். அமைப்பாளர் கனிவானவர், எனினும், "விதி விதிதான் ஐயா" என்று கூறிவிட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுத்தராக இருந்த காலத்தில், பிற்பகல் 2 மணிக்குப் பணக் கவுண்டரை மூடியபின் ஐந்து நிமிடம் தாமதமாக வந்த ஒரு முதியவரை நாளை வருமாறு அனுப்பிவிட்டேன். மருந்து வாங்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதே சொற்களைத்தான் நானும் சொன்னேன்: "விதி விதிதான் ஐயா." முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் வராத அம்முகம் அன்று வந்தது. அமைப்பாளர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெரியவர் எப்படி வீடு திரும்பினார் என்பதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் மாணவனாகச் சேர்ந்தேன். என்னைவிட இருபது வயது இளையவர். ஆசிரியர் என்ற முறையில் மிகக் கண்டிப்பானவர். பின்சக்கரத்தைக் கழற்றுமுன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்திற்குக் கொண்டுவர வேண்டும். டியூபை உருவியதும் டயரின் உட்புறத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய கம்பி உள்ளேயே இருந்தால் புதிய டியூபும் ஓட்டையாகும். புதியதில் சிறிது காற்றடித்த பிறகே உள்ளே பொருத்த வேண்டும். இல்லையேல் மடங்கி நசுங்கும். சக்கரக் கோட்டம் எடுப்பதை மட்டும் அவர் எனக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். செயினுக்கு எண்ணெயிட்டபின் துணியால் துடைத்துவிட வேண்டும் என்றார். மிகுந்த எண்ணெய் கடற்கரை மணலை அள்ளிக்கொள்ளுமாம். நான் அதுவரை தாராளமாக ஊற்றி வந்தேன்.

சீட்டின் உயரத்தையும் அவரே திருத்தினார். குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். விரலடியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இத்தனை நாள் தாழ்வான சீட்டில் அமர்ந்து முழங்காலை நோகடித்துவிட்டு வயதைப் பழித்திருக்கிறேன்!

"இந்த வயதில் எதற்கு இந்தப் பிடிவாதம்?" என்று கேட்ட என் மனைவி, இதயப் பரிசோதனை முடிவைத் தாமே மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகு, கைக்கடிகாரத்துடன் கார் நிறுத்துமிடத்தில் வந்தமர்ந்தார். முதல் நாள் டியூப் மாற்ற எனக்கு 42 நிமிடம் ஆயிற்று. "அரிசி வெந்துவிட்டது" என்றார். ஆறு மாதங்களில் அது 10 நிமிடமாகக் குறைந்தது. வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கிகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் காதில் விழ, 80 கிலோமீட்டர் சென்று வந்த நாள்களும் உண்டு. பசிக்கும் முன் உண்ணவும் தாகத்திற்கு முன் அருந்தவும் பழகினேன்: இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட மோர்.

இவ்வாண்டு தையில் மீண்டும் அதே சாலை, அதே வாடைக் காற்று. கோவளத்தருகே, நம்பினால் நம்புங்கள், மீண்டும் பின்சக்கரம். ஒரு தேநீர்க் கடை நிழலில் வண்டியைக் கவிழ்த்து, டயரின் உட்புறத்தைத் தடவினேன். லாரி டயரிலிருந்து உதிர்ந்த, முடி போன்ற கம்பி ஒன்று விரலில் பட்டது. 12 நிமிடத்தில் மீண்டும் சாலையில் இருந்தேன். மாலை 6.12-க்கு அட்டையில் முத்திரை விழுந்தது.

அந்த அட்டையை யாரிடம் காட்ட விரும்பினேனோ, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்தது 300 கிலோமீட்டர். 20 மணி நேரம். இரவிலும் ஓட்ட வேண்டியிருக்கும். நல்ல விளக்கும் ஒளிரும் மேலங்கியும் வேண்டும். விளக்கு வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இவ்விதழ் எங்கள் வீட்டிற்கு வந்ததும் முதலில் பிரித்துப் படிப்பவர் என் மனைவிதான்.