இரவல் பையோடு ஏர்போர்ட்டுக்குப் போகிறீர்களா? திரிசூலத்தில் ஒரு காலை

செங்கல்பட்டு பக்கமிருந்து வரும் எலெக்ட்ரிக் டிரெயினில் திரிசூலத்தில் இறங்கினால், சென்னை விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. சுரங்கப்பாதையில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்தால் போதும். ஒரு பக்கம் கல் உடைத்துக் குடைந்த திரிசூலம் மலை, மறுபக்கம் கண்ணாடியில் பளபளக்கும் டெர்மினல். டாக்ஸிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க மனசு வராத குடும்பங்களுக்கு இன்றைக்கும் இதுதான் வழி.

அன்று காலை அத்தையையும் மாமாவையும் டெல்லிக்கு வழியனுப்பப் போயிருந்தேன். மகளுக்குப் பிரசவம். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். கையில் இரண்டு பைகள். ஒன்று அவர்களுடையது. இன்னொன்று, சக்கரம் வைத்த நீலப் பை, எதிர்வீட்டுக்காரரிடம் வாங்கிய இரவல். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.

"பையை முழுசா காலி பண்ணிட்டுத்தானே அடுக்கினீங்க அத்தை?" என்றேன்.

"துடைச்சுதான் அடுக்கினேன். ஏண்டி, அழுக்கா இருக்கா?"

"அழுக்கு இல்ல அத்தை. சைடு ஜிப், அடியில இருக்குற லைனிங் எல்லாம் பார்த்தீங்களா?"

பிளாட்பார பெஞ்சில் பையை வைத்துத் திறந்தோம். அத்தைக்குக் கோபம். அழகாக மடித்து வைத்த குழந்தைத் துணியெல்லாம் கலைந்துபோகிறதே!

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. ஏர்போர்ட்டில் துப்பாக்கி, தோட்டா தொடர்பாக வரும் செய்திகளைப் பார்த்தால், மாட்டிக்கொள்கிறவர்களில் பலரும் சொல்வது ஒன்றுதான். 'இது அண்ணனோட பை', 'அப்பாவோட பை', 'உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது'.

மாமா சிரித்தார். "யாருப்பா துப்பாக்கியோட ஏர்போர்ட்டுக்கு வருவான்?"

அமெரிக்காவில் வருகிறார்கள். 2023-ம் ஆண்டில் மட்டும் அங்கே விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது சகஜமான ஊர் என்பதால் 'மறந்துட்டேன்' என்பதே அங்கும் பெரும்பாலோர் சொல்லும் பதில். மறந்தாலும் சுமார் 15,000 டாலர் வரை அபராதம் தீட்டலாம். கைது உண்டா இல்லையா என்பது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

நம் ஊரில் துப்பாக்கியைவிட அதிகம் சிக்குவது தோட்டா. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பொருள், பையின் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். எக்ஸ்ரே திரையில் மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஒரு தோட்டா என்ன செய்யும்?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் கேட்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதமும் உண்டு. தடை செய்யப்பட்ட ரகத் துப்பாக்கி என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை போகும். லைசென்ஸ் வைத்திருப்பவரே அதன் நிபந்தனையை மீறினாலும் 6 மாதம் வரை சிறைக்கு வழி இருக்கிறது.

திரையில் தோட்டா தெரிந்ததும் பை ஓரமாக நகர்த்தப்படும். உங்கள் கண்ணெதிரே திறப்பார்கள். பாதுகாப்புப் பணியில் இருக்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர், பொருளையும் உங்களையும் விமான நிலையப் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். லைசென்ஸ் எங்கே, தோட்டா எப்படி வந்தது என்று விசாரணை நடக்கும். பதில் திருப்தி இல்லை என்றால் எஃப்.ஐ.ஆர். அதற்குள் விமானம் கிளம்பியிருக்கும்.

2024 ஜூனில் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் இருந்தது இதே சென்னை விமான நிலையத்தில்தான் தெரியவந்தது. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. பையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்று விளக்கம் சொன்னார். ஆனாலும் அன்றைய திருச்சி பயணம் நின்றுபோனது. லைசென்ஸ் உள்ளவருக்கே இப்படி என்றால், இல்லாதவரின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

'எனக்குத் தெரியாது' என்றால் விட்டுவிடுவார்களா?

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு பொருள் கையில் இருந்தால் மட்டும் போதாது, அது இருக்கிறது என்று தெரிந்தே வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னது. 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் அதை உறுதி செய்தது. இதை வைத்து, தவறுதலாக ஒரு தோட்டாவோடு சிக்கியவர்கள் மீதான பல வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன.

கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால், அந்தத் தீர்ப்பு எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் கிடைக்காது. ஜாமீன், தடயவியல் அறிக்கை, வக்கீல், உயர் நீதிமன்ற மனு என்று எல்லாம் முடிந்த பிறகுதான் கிடைக்கும். நடுவில் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் வாங்கவே நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். வெளிநாட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அடி!

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

இந்த இடத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1984 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்தது. இலங்கைப் பயணிகள் உட்பட 30-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கொழும்பு விமானத்துக்கென்று அந்தப் பெட்டிகளைக் கொடுத்த ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. பெட்டி இருந்தது, அதற்குச் சொந்தக்காரன் இல்லை.

1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் துப்பாக்கி முனையில் கடத்தப்பட்டு காந்தஹார் போனது. அதற்குப் பிறகுதான், 2000-லிருந்து விமான நிலையங்களின் பாதுகாப்பு ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. இப்போது பெட்டியைக் கொடுத்துவிட்டு ஆள் ஏறாவிட்டால், பெட்டியையும் இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பும். அதனால்தான் 'இது உங்க பையா?' என்ற கேள்வி இங்கே அவ்வளவு முக்கியம். 'ஆமாம்' என்றால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முறையாகக் கொண்டுபோக முடியுமா?

முடியும். துப்பாக்கி சுடும் வீரர்கள் போட்டிகளுக்கு அப்படித்தான் போகிறார்கள். லைசென்ஸோடு முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். கவுன்டரில் தானாகவே அறிவிக்க வேண்டும். தோட்டாவை வெளியே எடுத்த துப்பாக்கி, தனியாகப் பொதிந்த தோட்டா என இரண்டும் செக்-இன் லக்கேஜில்தான் போகும். தோட்டா, பொதிந்த எடையோடு சேர்த்து 5 கிலோவைத் தாண்டக் கூடாது. கைப்பையில் மட்டும் எந்த நிலையிலும் கூடாது. லைசென்ஸ் எந்த ஊர் வரை செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு டெல்லியில் இறங்க முடியாது.

வீட்டுக் குட்டீஸின் பொம்மைத் துப்பாக்கியும் கைப்பையில் வேண்டாம். நிஜம் போலத் தெரிந்தால் எடுத்துவிடுவார்கள். தீபாவளிக்கு வாங்கிய பொட்டு வெடிச் சுருள் எந்தப் பையிலும் போகக் கூடாது, அது வெடிபொருள். சுட்டு முடித்த தோட்டாவின் உறையைக் கீ-செயினாக மாட்டியிருப்பவர்கள், அதை வீட்டிலேயே கழற்றி வைப்பது நல்லது. திரையில் பார்ப்பவருக்கு அது நினைவுப்பொருள் என்று தெரியாது.

நீலப் பையை முழுசாகத் துழாவி முடித்தோம். ஒரு நகவெட்டி, மிலிட்டரி கேன்டீன் பில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, லைனிங் கிழிசலுக்குள் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. வேறு எதுவும் இல்லை. அந்தக் கிழிசல் விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. அதைப் பார்த்த பிறகு மாமா சிரிக்கவில்லை. அவரே ஒருமுறை உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துடணும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார் அத்தை.

டெர்மினல் வாசலில் டிக்கெட்டும் ஆதாரும் பார்த்து உள்ளே விட்டார்கள். டிக்கெட் இல்லாத நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே போகுமுன் அத்தை தன் கைப்பையிலிருந்து சிவப்பு ரிப்பன் ஒன்றை எடுத்து, நீலப் பையின் பிடியில் இறுக்கிக் கட்டினார்.

"அங்க போய் எது நம்மளுதுன்னு தெரிய வேணாமா?"

அரை மணி நேரம் கழித்து மாமாவிடமிருந்து போன். "செக்கிங் முடிஞ்சுதுப்பா. ஒண்ணும் கேக்கல. உங்க அத்தையோட மாவடு பாட்டிலை மட்டும் எடுத்து வெச்சுட்டாங்க."