தத்துப்பூச்சியின் தாய்வீட்டில்

பேரளத்திலிருந்து போகும்போது அம்பகரத்தூர் வந்தால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. காவிரி வண்டல் மட்டும் எல்லை பார்ப்பதில்லை. நெல் அறுத்த தரிசில் பருத்தி முழங்கால் உயரம் நின்ற சமயம் அது.

இலையைத் திருப்பினேன். வெளிர்பச்சைத் தத்துப்பூச்சிக் குஞ்சுகள் பக்கவாட்டில் விறுவிறுவென நகர்ந்தன. வளர்ந்த பூச்சியே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். இறக்கைக்கு ஒன்றாகக் கரும்புள்ளி. இவை சாற்றை உறிஞ்சினால் இலை ஓரம் மஞ்சளித்து, சுருண்டு, சிவந்து, கருகிவிடும். அம்ராஸ்கா பிகட்டுலா என்ற இந்த ஆசியப் பூச்சி 2023-ல் போர்ட்டோ ரிக்கோவில் தென்பட்டது. 2024-ல் புளோரிடா, 2025-ல் ஜார்ஜியா பருத்தி வயல்கள். அமெரிக்க உழவர்களுக்கு இது புது எதிரி. நமக்கோ பழைய தொல்லை. அதன் பழைய பகையாளியும் இங்கேயே இருக்கிறது.

அந்தப் பகையாளியைக் கூட வந்த வேளாண் மாணவி காட்டினார். இலை நரம்பை ஊசியால் மெல்லக் கீறினார். உள்ளே தத்துப்பூச்சியின் வளைந்த வெள்ளை முட்டைகள். நடுவில் ஒன்று மட்டும் செம்மஞ்சள். "இதுக்குள்ள குளவிப் புழு இருக்கு சார்" என்றார். வெளியே தெரியாமல் நரம்புக்குள் புதைத்த முட்டையைத் தாய்க்குளவி தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் தன் முட்டையை வைக்கிறது. பிறந்து வளர்ந்து இறக்கை முளைப்பது வரை எல்லாம் அந்த ஒரு முட்டைக்குள்.

வரப்போரம் சோப்புத் தண்ணீருடன் வைத்த மஞ்சள் தட்டில் விழுந்திருந்த குளவியை நுண்ணோக்கியில் பார்த்தபோது மலைத்துப்போனேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடல். இறக்கை என்பது ஒடுங்கிய ஒரு பட்டை, சுற்றிலும் நீண்ட மயிர்கள். இவ்வளவு சின்ன உடலுக்குக் காற்றே கெட்டியான திரவம்போல. அதனால் மயிர் விளிம்பைத் துடுப்பாக வலித்துப் பறக்கிறது. அனாக்ரஸ், அரெஸ்கான், ஸ்டெத்தினியம் என்று இந்த மைமாரிடே குடும்பத்தில் பல வகை. கொள்ளிடத்துக்கு அக்கரையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாணிக்கவாசகம் இவற்றை வகைப்படுத்தி எழுதியிருக்கிறார். நம் பக்கத்திலேயே நடந்த இந்த வேலை பள்ளிப் பாடத்தில் வந்திருக்க வேண்டும்.

வயல்கார அம்மா சொன்னார்: "அவசரப்பட்டு மருந்தடிச்சா அப்புறம் பூச்சி கூடத்தான் செய்யுது தம்பி." கண்ணால் காணாத குளவியும் அதே மருந்தில் சாகிறது என்பதுதான் காரணம். குளவி மட்டுமே பருத்தியைக் காப்பாற்றிவிடாது. தத்துப்பூச்சி பெருகிவிட்டால் மருந்து தேவைதான். ஆனால் பருத்தி போட்டிருப்பவர்கள் முதலில் 50 இலைகளைத் திருப்பி எண்ணுங்கள். 50 பூச்சி தேறாவிட்டால் தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டாம்.