நூறு மில்லிமீட்டர் கோடு

மதுராந்தகத்தில் வளர்ந்தவர்களுக்கு எண்ணை நம்பும் பழக்கம் மழைக்காலத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஏரியின் முழு ஆழம் 23.3 அடி என்பது எங்களுக்கு வாய்ப்பாடு படிக்கும் வயதிலேயே மனப்பாடம். ஐப்பசி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் முதற்கேள்வி ‘இன்று எத்தனை அடி?’ என்பதுதான். யாரோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். அது ஊர் முழுவதும் பரவும். மதகருகே நிற்கும் அளவுகோலையே ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கும் தோன்றியதில்லை. அந்த எண்ணம் வருவதற்கு நாங்களே ஒரு தவறான அளவுகோலைச் செய்து ஒருவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் பள்ளித் தோழர்கள். பழைய மின்னணுச் சோதனைக் கருவிகளின் உறுப்புகளை முழு அளவில் வரைந்து வைப்பது எங்கள் பொழுதுபோக்கு. சென்னை ரிச்சி தெருவிலோ பழைய இரும்புக் கடைகளிலோ ஓர் ஆசிலாஸ்கோப், ஒரு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் திருத்தக் கூடியவையாகவே இருக்கும். மின்தேக்கியை மாற்றலாம், மின்தடையை மாற்றலாம். ஆனால் உடைந்துபோன பேக்கலைட் குமிழையும், எழுத்து அழிந்த டயல் தட்டையும் எங்கே வாங்குவது? செய்த நிறுவனம் மூடியிருக்கும். மூடாவிட்டாலும் ஐம்பதாண்டு முந்தைய உறுப்பை வைத்திருக்காது. அவற்றைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டுமானால் முதலில் வரைபடம் வேண்டும். வரைபடத்தின்மேல் உறுப்பை வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்த வேண்டும். முழு அளவு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

ஏரிகாத்த ராமர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு ரேடியோ பழுதுபார்ப்பவர் கடை வைத்திருந்தார். ரேடியோக்களின் காலம் முடிந்தபின் இன்வெர்ட்டரும் பேட்டரியும் அவருக்குச் சோறு போட்டன. முப்பதாண்டுகளாக அவரிடம் இருந்தது ஆவோமீட்டர் மாடல் 8 ஒன்று. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளே ஆவோ. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளரான டொனால்டு மெக்காடி, மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்து, ஒரே பெட்டியில் மூன்றையும் அடக்கினார். முதல் ஆவோமீட்டர் 1923இல் விற்பனைக்கு வந்தது. மாடல் 8 வந்தது 1951இல். அதன் கடைசி வடிவத்தின் உற்பத்தி 2008இல்தான் நின்றது. ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற உணர்திறனும், முள்ளின் பிம்பத்தைக் காட்டிக் கண்ணின் கோணப் பிழையைத் தடுக்கும் கண்ணாடிப் பட்டையும் கொண்ட அந்தக் கருவியை அவர் ஒரு பூசைப் பொருளைப்போலத் துடைத்து வைப்பார்.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் அவருடைய கடைக்குள் தண்ணீர் புகுந்தது. மீட்டர் தப்பியது, ஆனால் ஈரம் தப்பவில்லை. டயலின் பூச்சு உப்பி, கோடுகளோடு உரிந்துவிட்டது. முள் மட்டும் சரியாக அசைந்துகொண்டிருந்தது. அது எந்த எண்ணைக் காட்டுகிறது என்று சொல்லத்தான் ஒன்றுமில்லை. “தம்பிங்களா, நீங்க ஏதோ வரையறீங்களாமே, இதுக்கு ஒரு முகம் வரைஞ்சு குடுங்க” என்று கேட்டுக்கொண்டு தட்டை ஒரு பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்தார்.

நாங்கள் பெருமிதத்தோடு வேலையைத் தொடங்கினோம். தட்டை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தோம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; எனவே ஒரு புள்ளி 0.042 மி.மீ., தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் உரிய வில்லில் பிரிவுகள் சம இடைவெளியில் இருந்தன. ஓமுக்கு உரிய வில்லில் பூச்சியம் வலப்புறத்தில் இருக்க, எண்கள் இடப்புறம் நெருங்கி நெருங்கி முடிவிலியை நோக்கிப் போயின. எஞ்சியிருந்த கோடுகளிலிருந்து உரிந்தவற்றைக் கணக்கிட்டு, கணினியில் வரைந்து, தடித்த தாளில் அச்சிட்டோம். எழுத்துருவின் வளைவுகூட மூலத்தை ஒத்திருந்தது.

தட்டில் ஒட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தன. திருகாணித் துளைகள் தாளின் துளைகளோடு ஒத்துவரவில்லை. காகிதம்தானே என்று ஊசியால் அகட்டினோம். மேல் வில்லைப் பழைய வில்லின் தடத்தில் சரியாகப் பொருத்தி ஒட்டி, தட்டை மீட்டரில் மாட்டினோம். முள் பூச்சியத்துக்குச் சற்று இடப்புறம் தள்ளி நின்றது. பூச்சியத் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டோம். அவர் டயலை வெயிலில் பிடித்துப் பார்த்து, “புதுசாட்டம் இருக்கு” என்றார். காசு வாங்க மறுத்துவிட்டு வந்தோம்.

தை மாத அறுவடையின்போது அவரே எங்களைத் தேடி வந்தார். ஒரு விவசாயியின் டிராக்டர் பேட்டரியைச் சோதித்து, சார்ஜ் போதும் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் நெல் ஏற்றக் காத்திருந்த டிராக்டர் கிளம்பவில்லை. கூலியாட்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் வேலையும் கூலியும் போயின. விவசாயி கடைக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனபின், இவர் தம் மகனின் டிஜிட்டல் மீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

“தம்பி, ஜீரோ சரியாத்தான் நிக்குது. மேல போகப் போக அதிகமாக் காட்டுது. நீங்க வரைஞ்சதுல ஏதாச்சும்…” என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். விவசாயியிடம் எங்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. தன் கண்ணில் கோளாறு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு வரைபடத்தின்மேல் முதன்முறையாக எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தோம். 100 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 97 இருந்தது. அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருந்துமாறு’ என்ற தெரிவு முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்திருக்கிறது. தாளின் ஓரங்களில் இடம் விடுவதற்காக அச்சுப்பொறி எல்லாவற்றையும் 3 விழுக்காடு சுருக்கியிருந்தது.

வட்டமான ஒரு டயல் சுருங்கினால் கோணங்கள் மாறா என்று வடிவியல் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். டயலின் மையம் முள்ளின் அச்சின்மீதே இருக்கும்வரை அது பொருந்தும். நாங்கள் மையத்தைப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த வில்லைத்தான் பொருத்தினோம். கணக்குக்கு எளிதாக முள்ளின் நீளம் 80 மி.மீ., அதன் வீச்சு 90 பாகை என்று கொள்வோம். 3 விழுக்காடு சுருங்கியதும் வில்லின் ஆரம் 77.6 மி.மீ. ஆகிவிடுகிறது. வில்லை அதே இடத்தில் நிறுத்தினால் அதன் மையம் முள்ளின் அச்சைவிட்டு 2.4 மி.மீ. மேலே போய்விடும். நடுவில் பிழை இல்லை. இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 1.2 பாகை. பூச்சியத் திருகைத் திருப்பியதும் இடப்புறப் பிழை மறைந்து, வலப்புறத்தில் இரட்டிப்பாகிவிட்டது. நடுவிலும் புதிதாக 1.2 பாகை குடியேறிவிட்டது.

25 வோல்ட் அளவையில் நடுப்பகுதியில் 1.2 பாகை என்பது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. வேறெங்கும் அது பொருட்டல்ல. ஆனால் ஈய அமில பேட்டரியில், சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 அளவில் இருந்தால் பாதிச் சார்ஜ். பாதிச் சார்ஜ் இருந்த பேட்டரியை அந்த மீட்டர் 12.5க்கு மேல் காட்டியிருக்கும். அந்த விடியற்காலையில் வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எங்கள் அச்சுப்பொறியின் ஒரு சிறு குறிக்கும் இடையே இருந்த தொடர்பு இவ்வளவுதான்.

பழைய தொழிற்கூட வரைபடங்களின் ஓரத்தில் ஒரு விதி எழுதப்பட்டிருக்கும்: வரைபடத்தை அளக்காதே, எழுதியிருக்கும் எண்ணையே பின்பற்று. அதற்குக் காரணம் உண்டு. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த நீலப்படி முறையில் பிரதியைத் தண்ணீரில் அலசி உலர்த்துவார்கள். நனைந்து உலர்ந்த காகிதம் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் மாறும். எனவே கோட்டின் நீளத்தை யாரும் நம்பவில்லை. எண்ணை நம்பினார்கள்.

முழு அளவு வரைபடமோ இந்த விதிக்கு நேர் எதிரானது. அது ‘என்னை அளந்துகொள்’ என்கிறது. அதைக் கையில் வாங்குபவர் எண்ணைத் தேடமாட்டார். வெட்டி ஒட்டுவார், அல்லது மேலே வைத்துத் துளையிடுவார். ஆகவே அதில் ஒவ்வொரு கோடும் ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியைச் சோதிப்பதற்கான சாட்சியும் அதே தாளில் இருக்க வேண்டும். எங்கள் தாளில் அது இல்லை.

இன்னொரு பாடமும் அந்தத் தட்டிலிருந்தே கிடைத்தது. எது நாங்கள் கண்ட கோடு, எது நாங்கள் ஊகித்த கோடு என்பதைத் தாளில் பிரித்துக் காட்டியிருக்கவில்லை. எல்லாம் ஒரே கறுப்பில் இருந்தன. பழைய உறுப்பை வரைபவர்களுக்கு இந்தக் குழப்பம் நாள்தோறும் வரும். ஒரு குமிழின் தண்டை வெர்னியரில் அளந்தால் 6.32 மி.மீ. காட்டும். அப்படியே எழுதுவதா? பிரிட்டிஷ், அமெரிக்கக் கருவிகளில் தண்டின் விட்டம் பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஐரோப்பிய, ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலும் 6 மி.மீ. அது தெரிந்தால், 0.03 மி.மீ. தேய்மானம் என்று புரிந்துவிடும்.

மரைகளும் அப்படியே. பிரிட்டனில் செய்த பழைய கருவிகளில் சிறு திருகாணிகள் பெரும்பாலும் பி.ஏ. மரை கொண்டவை. அங்குலத்தில் வாழ்ந்த நாட்டில் பிரிட்டிஷ் அறிவியல் கழகம் 1884இல் பரிந்துரைத்த இந்த மரை, சுவிட்சர்லாந்தின் தூரி மரையைப் பின்பற்றி மில்லிமீட்டரில் அமைந்தது. பூச்சிய எண் திருகாணிக்கு விட்டம் 6 மி.மீ., புரிகளுக்கு இடையே 1 மி.மீ.; அடுத்தடுத்த எண்ணுக்கு அந்த இடைவெளி பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துகொண்டே போகும். 2 பி.ஏ. 4.7 மி.மீ., 4 பி.ஏ. 3.6 மி.மீ. இந்தத் தொடரை அறியாதவர் 3.56 என்று அளந்து, 3.5 என்று திருத்தி எழுதிவிடுவார். அவர் வரைந்தபடி துளையிட்டால் திருகாணி நுழையாது. செய்தவரின் மனத்தில் இருந்த எண்ணும் நம் கையில் கிடைத்த எண்ணும் வெவ்வேறு. இரண்டையும் எழுத வேண்டும்; எது எதுவென்று சொல்லவும் வேண்டும்.

சுவாமிமலைச் சிற்பிகள் ஒடியோலை என்ற ஒன்றைப் பயன்படுத்துவது இந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வார்க்கப்போகும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, தாளக் கணக்குப்படி அதை மடித்து மடித்துப் பிரிவுகளைக் குறித்துக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்பதெல்லாம் அந்த ஓலையிலேயே இருக்கும். எங்களுக்கு வியப்பளித்தது அதன் நேர்மை. அது தன்னைச் செய்தவரின் கையிலேயே இருக்கிறது. ஒரு திருமேனிக்கு வெட்டிய ஓலை அந்தத் திருமேனிக்கு மட்டுமே. நாங்களோ எங்கள் தாளை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

டயலை மறுபடியும் வரைந்தோம். ஸ்கேனரையும் இம்முறை நம்பவில்லை. அதன் குறுக்குவாட்டு அளவை உணரியும் நெடுக்குவாட்டு அளவை மோட்டாரும் தீர்மானிப்பதால், இரண்டு திசைகளிலும் எஃகு அளவுகோலை வைத்து ஸ்கேன் செய்து ஒப்பிட்டோம். ஈரத்துக்கு ஊதும் காகிதத்தை விட்டுவிட்டு பாலியெஸ்டர் படலத்தில் அச்சிட்டோம். முள்ளின் அச்சு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி. தாளின் கீழே கிடையாக ஒன்றும் ஓரத்தில் நெடுக்காக ஒன்றும் 100 மி.மீ. கோடுகள். கண்டவை கறுப்பில், ஊகித்தவை சிவப்பில் என்று தனியாக ஒரு படியும் வைத்தோம்.

அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது மன்னிப்புக் கேட்க எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தோம். எதையும் சொல்ல முடியவில்லை. கோடு எதற்கு என்று மட்டும் விளக்கினோம். அவர் மேசை இழுப்பறையிலிருந்து துருப்பிடித்த அளவுகோல் ஒன்றை எடுத்துக் கிடைக்கோட்டின்மேல் வைத்தார். பிறகு நெடுக்குக் கோட்டின்மேல். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, “இந்த ஸ்கேலு சரியான்னு யாரு பாக்கறது?” என்று கேட்டுச் சிரித்தார்.

அந்த விவசாயியின் வீட்டைக் கேட்டறிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நடந்ததைச் சொன்னோம். அவருக்கு வில்லும் மையமும் விளங்கியிருக்காது என்றே நினைக்கிறோம். ரேடியோக்காரர் கண்ணில் கோளாறு இல்லை என்பது மட்டும் விளங்கியது. அதைச் சொல்லத்தான் போயிருந்தோம்.

இன்று எங்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் சேர்ந்திருக்கின்றன. யார் கேட்டாலும் படியெடுத்துக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றின் கீழும் அந்த 100 மி.மீ. கோடு இருக்கிறது, ‘முதலில் இதை அளக்கவும்’ என்று அதன்மேல் எழுதியிருக்கிறோம்.