ஆயிரத்துல எத்தனை?

நேத்து காலையில விதைச்சான்று அலுவலர் வயலுக்கு வந்துட்டுப் போனார். இந்த வருஷம் சம்பாவுல ரெண்டு ஏக்கர் சி.ஆர்.1009 விதைப்பண்ணையா போட்டிருக்கோம். எங்க பக்கம் அதைப் பொன்மணின்னு சொல்லுவாங்க. சாப்பாட்டு நெல்லுன்னா நடுவுல நாலு வேத்துப்பயிர் நின்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. விதைக்குன்னா அப்படி விட முடியாது. பூ எடுக்கிற சமயத்துல வயல்ல இறங்கி, உயரமா நிக்கிறது, முந்திக் கதிர் தள்ளினது, தோகை நிறம் மாறினதுன்னு ஒவ்வொண்ணா பார்த்து வேரோட பிடுங்கணும். கலவன் எடுக்கிறதுன்னு பேரு. சான்று விதைக்கு ஆயிரம் பயிருக்கு ரெண்டு கலவன் வரைக்கும் விடுவாங்க. ஆதார விதைக்குப் பத்தாயிரத்துக்கு அஞ்சுதான்.

அதிகாரி வர்றதுக்கு முன்னாடி நானும் தம்பியும் பனியோட பனியா இறங்கி எடுத்துக்கிட்டிருந்தோம். முழங்கால் வரைக்கும் ஈரம். நாலாவது பாத்தி தாண்டும்போது தம்பி நிமிர்ந்து, "அண்ணே, நம்ம கணக்கும் இன்னிக்குத் தெரிஞ்சிடும்ல?"ன்னான்.

அவன் சொன்னது நெல்லை இல்ல. அவன் ரத்தத்தை.

இதை இங்க எழுதலாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். தம்பிதான், "எழுதுண்ணே, பேரைப் போட்டாலும் பரவாயில்ல"ன்னான். பேரு வேண்டாம்.

2017ல அவனுக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. குறுவை நடவு முடிஞ்ச சமயம். வயிறு இடது பக்கம் கனமா இருக்கு, ரெண்டு இட்லி தின்னாலே நெறைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தான். ஆளும் இளைச்சிக்கிட்டே வந்தான். பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர் வாயுன்னு மருந்து கொடுத்தார், இன்னொருத்தர் கல்லீரல்னார். கடைசியில ஒரு லேப்ல சாதாரண ரத்த டெஸ்ட் எடுத்தோம். வெள்ளணு ஒரு லட்சத்து எண்பத்தி ஆறாயிரம். இருக்க வேண்டியது நாலாயிரத்துலேர்ந்து பதினோராயிரம். அந்த லேப் பையன் பயந்துபோய் மெஷின் கோளாறுன்னு இன்னொரு தடவை ஊசி போட்டு எடுத்தான். அதே கணக்குதான் வந்துச்சு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. எலும்பு மஜ்ஜை எடுத்தாங்க. அங்கேதான் டாக்டரம்மா முதல் தடவையா, "மரபணு டெஸ்ட் ஒண்ணு எடுக்கணும், அது வந்தாத்தான் என்ன வகைன்னு உறுதியா சொல்ல முடியும்"னாங்க. வந்த பேரு சி.எம்.எல். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை.

அன்னைக்கு அந்த அம்மா காகிதத்துல படம் போட்டுச் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நம்ம செல்லுக்குள்ள 23 ஜோடி குரோமோசோம் இருக்கு. அதுல 9ஆம் நம்பர்ல ஒரு துண்டும் 22ஆம் நம்பர்ல ஒரு துண்டும் ஒடைஞ்சு இடம் மாறி ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு சர்வே நம்பர்ல ஓரத்துத் துண்டு பட்டா மாறிப் போற மாதிரின்னு வச்சிக்குங்க. ஒட்டின இடத்துல பி.சி.ஆர்-ஏ.பி.எல்.னு ஒரு புது ஜீன் உருவாகுது. அந்த ஜீன் ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டன் உள்ளயே ஒட்டிக்கிட்ட மாதிரி. நிறுத்த முடியாது. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், வெள்ளணு பெருகிக்கிட்டே இருக்கும். அந்த இடத்துல போய் உக்காந்து கரண்டைக் கட் பண்றதுதான் இமாடினிப் மாத்திரை.

இந்தக் கதையை நான் அப்புறம் மகன்கிட்டச் சொல்லித் தேடிப் படிச்சேன். 1960ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல நோவல், ஹங்கர்ஃபோர்டுன்னு ரெண்டு பேர் இந்த நோயாளிகளோட செல்லுல ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையா இருக்கிறதைப் பார்த்தாங்க. ஊர்ப் பேரையே அதுக்கு வச்சிட்டாங்க. அந்தத் துண்டு தொலைஞ்சு போகல, 9ஆம் நம்பர்கிட்ட போயிருக்குன்னு 1973ல சொன்னது ஜேனட் ரௌலின்னு ஒரு அம்மா. குரோமோசோம் போட்டோவை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில பரப்பி வச்சிப் பார்ப்பாங்களாம். அம்மா காகிதப் பொம்மை வச்சு விளையாடுதுன்னு பிள்ளைங்க கிண்டல் பண்ணுமாம். 2001ல மாத்திரை வந்துச்சு.

அது இந்தியாவுல காப்புரிமை கேட்டு வந்து நின்ன இடம் சென்னை. 2006ல சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரிச்சது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 2013 ஏப்ரல்ல கம்பெனி தோத்துச்சு. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல ஆகிற கம்பெனி மாத்திரைக்குப் பதிலா நம்ம நாட்டுக் கம்பெனிகள் செய்யறது பத்துல ஒரு பங்கு விலைக்கும் கீழே கிடைச்சது. என் தம்பிக்கு அரசு ஆஸ்பத்திரியில காசில்லாம கிடைக்குது. நெலத்தை விக்காம நாங்க தப்பிச்சது அந்தத் தீர்ப்பால.

மாத்திரை காசில்லாம கிடைக்குது. எங்களுக்குச் செலவு டெஸ்டுதான். மூணு மாசத்துக்கு ஒருக்கா, ஒரு தடவைக்கு ஐயாயிரத்துச் சொச்சம். டெஸ்ட் பேரும் பி.சி.ஆர்., ஜீன் பேரும் பி.சி.ஆர். இங்கிலீஷ்ல எழுத்து வேறயாம், தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாப் போச்சு. இதுல நான் ஒரு வருஷம் குழம்பினேன்.

இந்த டெஸ்ட் என்ன பண்ணுதுன்னா, கலவன் எண்ணுது. முன்னாடி மைக்ராஸ்கோப்புல குரோமோசோம் பார்க்கிறப்போ இருபது செல்லு பார்ப்பாங்க. வரப்புல நின்னு இருபது பயிரைப் பார்த்துட்டு வயல் சுத்தம்னு சொல்ற மாதிரிதான் அது. பி.சி.ஆர்.ல லட்சத்துல ஒண்ணு ஒளிஞ்சிருந்தாக்கூடத் தேடிப் பிடிக்கலாம். கறாரா சொன்னா செல்லை எண்றதில்ல, அந்த ஜீனோட ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்குன்னு அளக்கிறாங்க. உலகம் முழுக்க ஒரே படி அளவுல சதவீதமா சொல்லுவாங்க. மூணு மாசத்துல 10க்குக் கீழே, ஆறு மாசத்துல 1க்குக் கீழே, ஒரு வருஷத்துல 0.1க்குக் கீழே வரணும். 0.1ன்னா ஆயிரத்துல ஒண்ணு.

தம்பிக்கு முதல்ல 68. அப்புறம் 7.2, அப்புறம் 0.9, வருஷம் திரும்பும்போது 0.08. டாக்டரம்மா கையைக் குலுக்கினாங்க. இவன் வீட்டுக்கு வந்து, "அண்ணே, நான் சான்று விதைக்குத் தேறிட்டேன்"னான். அதுலேர்ந்து எங்க வீட்ல ரிப்போர்ட் வந்தா, "ஆயிரத்துல எத்தனை?"ன்னுதான் கேப்போம்.

வருஷக்கணக்கா 0.03, 0.02ன்னு போய்க்கிட்டிருந்துச்சு. கண் இமை காலையில வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும், ஆளு கொஞ்சம் வெளுத்துட்டான். அவ்வளவுதான். ஊர்ல யாருக்கும் சொல்லல. அல்சர் மாத்திரைன்னு சொல்லி வச்சிருந்தோம். அது தப்புன்னு இப்பத் தெரியுது.

இந்த ஆனியில தம்பி மகளுக்கு ஒரு வரன் வந்துச்சு. நல்ல குடும்பம், பையன் சென்னையில வேலை. எல்லாம் கூடி வந்த நேரத்துல தம்பி ஒரு காரியம் பண்ணியிருக்கான். அது எங்க யாருக்கும் தெரியாது. மாத்திரை வாங்குற கவுன்டர்ல புதுசா வந்த பையன் மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. போயி நின்னா விஷயம் அங்க போயிடும்னு பயந்து மூணு மாசம் மாத்திரை வாங்கவே போகல. டெஸ்டும் எடுக்கல. கேட்டா, "எடுத்தேண்ணே, நார்மல்"னான். ஒடம்பு பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கால் இழுக்கிறதுகூட இல்ல, தெம்பா மடை கட்டினான். அதான் இதுல மோசம். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

புரட்டாசியில அவன் பொண்டாட்டி என்கிட்ட வந்து, "மாமா, அவுங்க மாத்திரை டப்பா மூணு மாசமா காலியா கிடக்கு"ன்னு அழுதுச்சு. அன்னிக்கு சாயந்திரமே வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். வழி முழுக்க நானும் பேசல, அவனும் பேசல.

ரிப்போர்ட் 2.4.

போன தடவை 0.02. டாக்டரம்மா திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு. "எத்தனை நாள் விட்டீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு, "மூணு மாசம்"னான். என்கிட்ட மறைச்சதை அந்த நம்பர்கிட்ட மறைக்க முடியல.

அடுத்து இன்னொரு மரபணு டெஸ்ட். இப்படி ஏறும்போது அந்த ஜீன்லயே புதுசா மாற்றம் வந்திருக்கான்னு பார்க்கணுமாம். பூச்சி மருந்துக்குப் பழகிப்போற கதைதான். அதுல டி315ஐன்னு ஒண்ணு இருக்கு. அது வந்துட்டா இமாடினிப் மட்டுமில்ல, அதுக்கு அடுத்து வந்த மாத்திரைகள்ல பலதும் கேக்காது. வேற விலை, வேற வழி. ரிசல்ட் வர மூணு வாரம். அந்த மூணு வாரமும் நடவு நேரம். யார் எவ்வளவு நாத்து நட்டாங்க, கூலி எவ்வளவு கொடுத்தேன், எதுவும் எனக்கு ஞாபகமில்ல.

அதுக்குள்ள விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடுச்சு. கவுன்டர் பையன் இல்ல. அவன் ஒரு வார்த்தை வெளியில விடல, பாவம். லேப்ல எங்க கையில இருந்த காகிதத்துல 'மரபணு'ன்னு இருந்ததை எங்க ஊர்க்காரர் ஒருத்தர் பார்த்திருக்கார். பையனோட தாய்மாமா நேரா வீட்டுக்கே வந்துட்டார். நாகரிகமாத்தான் கேட்டார். "அண்ணாச்சி, மரபணுன்னா பரம்பரைதானே? நாளைக்குப் பொண்ணுக்கும், அதுக்குப் பொறக்கிற புள்ளைக்கும் வரும்னா நாங்க யோசிக்கணும்ல?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஏன்னா ஏழு வருஷமா எனக்கும் உள்ளுக்குள்ள அதே சந்தேகம் இருந்துச்சு. டாக்டர்கிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டுக் கேக்காமலே இருந்தேன். "ரெண்டு நாள் டைம் கொடுங்க, டாக்டர்கிட்டயே கேட்டுட்டுச் சொல்றேன்"னேன்.

டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. "பெரியவரே, அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்ற மாற்றம்னா உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கும். இது அப்படி இல்ல. இவருக்கு நடுவயசுல, மஜ்ஜையில ஒரே ஒரு செல்லுல நடந்த ஒடைப்பு. அந்த செல்லோட வாரிசுதான் அத்தனை வெள்ளணுவும். இவர் அப்பாகிட்டேர்ந்தும் வரல, மகளுக்கும் போகல. மகளுக்கு டெஸ்டே தேவையில்ல." ஒரு காகிதத்துல அதை எழுதியும் கொடுத்தாங்க.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு நானும் எங்க வீட்டுலயும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். தம்பி வரல, வெக்கம். எல்லாத்தையும் சொன்னேன். பேரு, மாத்திரை, அவன் மறைச்சது, 2.4, இன்னும் வராத ரிசல்ட்டு எல்லாம். "கொல்லையில மாமரத்துல ஒரு கொப்புல முண்டு விழுந்தா, மத்த கொப்புல காய்ச்ச மாங்கொட்டையில முண்டு மரமா மொளைக்கும்?"னு கேட்டேன். தாய்மாமாவுக்கு அது அவ்வளவாப் பிடிக்கல. பொண்ணை மாங்கொட்டைன்னுட்டேனாம். பையனோட அம்மாதான் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "இப்ப ஒழுங்கா சாப்பிடுறாரா?"

சாப்பிடுறான்னேன். ராத்திரிச் சோத்துக்கப்புறம், ஒரு சொம்புத் தண்ணியோட, பாப்பா கையாலதான் மாத்திரைன்னேன்.

பதில் எட்டு நாள் வரல. ஒன்பதாம் நாள் பையனே சென்னையிலேர்ந்து போன் பண்ணினார். "மாமா, நோய் பேரை வச்சு நானும் படிச்சேன். என் ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மா பதினஞ்சு வருஷமா இதே மாத்திரைதான் சாப்பிடுறாங்களாம். எங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னார். அந்த வாரக் கடைசியில மாற்றம் டெஸ்டும் வந்துச்சு. எதுவும் இல்ல. தம்பி வாசல் திண்ணையில உக்காந்துக்கிட்டு அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தான். பின்பக்கம் ஒண்ணும் எழுதியிருக்காது, இருந்தாலும் பார்த்தான். தாய்மாமா இன்னும் மொகம் கொடுத்துப் பேசல. கல்யாணத்துக்கு வருவார்னு நினைக்கிறேன்.

படிக்கிறவங்க யார் வீட்லயாவது இது இருந்தா எங்க அனுபவத்துல ரெண்டு விஷயம். டெஸ்டை முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல எடுங்க, இல்லன்னா நம்பரை நம்பரோட ஒப்பிட முடியாது. ரத்தம் எடுத்த டியூப் சீக்கிரம் லேப் போய்ச் சேரணும், ஆர்.என்.ஏ. கெட்டுப்போகும். நாங்க சனிக்கிழமை எடுத்து ஒரு தடவை வீணாப் போச்சு. மாத்திரையை விடலாமான்னு தம்பி இப்பவும் கேக்கறான். பல வருஷம் ரொம்பக் கீழேயே நின்னவங்களுக்கு டாக்டர் பார்த்து நிறுத்துறதுண்டு, அதுவும் அடிக்கடி டெஸ்ட் எடுத்துக்கிட்டே. அதுலயும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப ஆரம்பிக்க வேண்டி வருதாம். நீயா கவுன்டருக்குப் பயந்து விட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லடான்னேன்.

நேத்து அதிகாரி வயலைச் சுத்தி வந்து, அங்கங்க நின்னு எண்ணிப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார். அவர் பைக்கை எடுக்கவும் தம்பி போன்ல ரிப்போர்ட் வரவும் சரியா இருந்துச்சு. சேத்துக் கையோட போனைத் தொட மாட்டேன்னு என்கிட்ட நீட்டினான்.

0.3.

"ஆயிரத்துல எத்தனைண்ணே?"

"மூணு."

"அப்ப இன்னும் தேறல."

"தேறல. இன்னொரு தடவை இறங்கணும்."

தலையை ஆட்டிட்டு வாய்க்கால்ல கை கழுவப் போயிட்டான். அடுத்த டெஸ்ட் பங்குனியில. தையில கல்யாணம், அதுக்குள்ள அறுப்பு வேற. மெஷினுக்கு இன்னிக்கே சொல்லி வைக்கணும்.