பாதிக் கோலம்

போர்ட் விலாவில் இறங்கிய மறுநாள், வனுவாட்டு தேசிய அருங்காட்சியகத்தில் ஒருவர் கருமணலைப் பரப்பி அதன்முன் உட்கார்ந்தார். உள்ளங்கையால் நிரவி, குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் கிழித்தார். பிறகு ஊன்றிய சுட்டுவிரலை எடுக்கவே இல்லை. வளைந்து நெளிந்து தன்னையே வெட்டிக்கொண்டு ஓடிய இழை, புறப்பட்ட இடத்தில் வந்து சேர்ந்தபோது மணலில் ஓர் ஆமை கிடந்தது. எனக்கோ செல்லிப்பட்டில் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது.

அந்தப் பசிபிக் தீவுகள் 1980 வரை பிரான்சும் பிரிட்டனும் சேர்ந்து ஆண்ட நியூ ஹெப்ரிடீஸ். புதுச்சேரியில் படித்த அரைகுறை பிரெஞ்சு கைகொடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசும் அந்தத் தீவுகளில், மொழி தெரியாதவருக்கும் கதையும் செய்தியும் சொல்ல இந்த மணல் கோலம் உதவியதாம். நம் ஊரில் பெண்கள் போடுவது அங்கே பெரும்பாலும் ஆண்கள் கையில். ஆமை வரைந்தவரிடம் போனில் அம்மாவின் சிக்குக் கோலத்தைக் காட்டினேன். அழகாயிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. "எங்கே தொடங்குவார்கள்?" என்றார்.

அம்மாவுக்கு அதைவிட முக்கியம், எத்தனை கம்பி, அதாவது எத்தனை தனி இழை, என்பது. மார்கழி விடியலில் புள்ளி வைக்கும்போதே சொல்லிவிடுவாள்: "மூணுக்கு நாலுன்னா ஒரே கம்பி. நாலுக்கு ஆறுன்னா ரெண்டு. நாலுக்கு நாலு வச்சா நாலும் தனித்தனியாப் போயிடும்டா."

அது மீப்பெரு பொது வகுத்தி என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழை குறுக்கே கடக்கும் செவ்வகக் கோலத்தில், இழை சாய்வாகவே ஓடி, கேரம் காய் பலகை ஓரத்தில் மோதுவதுபோல் திரும்புகிறது. இரண்டு பக்கப் புள்ளி எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கம்பி. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்குக் கணினி இலக்கணமே எழுதினார்கள்.

வனுவாட்டுக் கோலங்களைச் சேகரித்தவர் பெர்னார்ட் டீக்கன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர். மலேகுலா தீவிலேயே 1927இல் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 24. அவர் கேட்டு எழுதிவைத்த கதை இது: செத்தவர் மறுவுலகம் போகும் வழியில் ஒரு பெண் பேய் மணலில் கோலம் போட்டுக் காத்திருக்கும். ஆளைக் கண்டதும் பாதியை அழித்துவிடும். மீதியைச் சரியாகப் போட்டு முடித்தால் வழி. தெரியாவிட்டால் பேய்க்கு இரை.

நானும் மணலில் மூன்றுக்கு நாலு புள்ளி வைத்தேன். ஒரே கம்பிதான் வரவேண்டும், நிரூபணம்கூடத் தெரியும். இரண்டாவது திருப்பத்திலேயே விரல் தடுமாறி நின்றுவிட்டது. ஆமை வரைந்தவர் சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் அதை அழித்தார்.

இரவு அம்மாவைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னேன். பேயைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"பாதிதானே அழிச்சிருக்கு? மொத்தம் எத்தனை புள்ளின்னு மட்டும் கேட்டுக்கோ" என்றாள்.