பரணில் இருந்த ஊர்

கடல் கடந்த மடல்
மாட்டுங்கா, மும்பை - 400019



'கடல் கடந்த மடல்' என்ற இந்தப் பத்தியின் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். துபாயிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் எழுதுகிறவர்கள் வரிசையில் ஆசிரியர் என்னையும் உட்கார வைத்திருக்கிறார். நான் கடந்ததெல்லாம் கிருஷ்ணா, பீமா என்று சில ஆறுகள். அதையும் ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்தேன். 1975-ல், கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மா கொடுத்த பித்தளை உருளியுமாகத் தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். இப்போது எழுபத்திரண்டு வயது. இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து பள்ளித் தோழி போன் செய்தாள். "ஏட்டி, பிள்ளைங்க ஒண்ணு பெங்களூர்ல, ஒண்ணு அமெரிக்கால. நீங்க ரெண்டு பேரும் அந்த இடுக்குல கெடந்து என்ன செய்தீய? ஊருக்கு வந்துர வேண்டியதுதான? அங்க என்னதான் இருக்கு?"

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக இதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தவள்தான். அதைக் கேட்பதை எப்போது நிறுத்தினேன்?

என் வீட்டுக்காரர் 1968-ல் இங்கே வந்தவர். கையில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்டிபிகேட்டுகள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1966 ஜூனில்தான் சிவசேனா தொடங்கியிருந்தது. ஆபீஸ் வேலைகளையெல்லாம் தென்னிந்தியர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்கு அவர்களுடைய பெரிய புகார். அதனால் இவர் தமிழ்ப் பத்திரிகையைப் பஸ்ஸில் பிரிக்காமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாராம். "ரிட்டயர் ஆனதும் ஊரோட போயிரணும்" என்ற பேச்சு அந்த நாளில் பிறந்தது. எங்கள் கட்டடத்தில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அதே பேச்சுதான்.

இத்தனைக்கும் மாட்டுங்கா தமிழர்களுக்கு அந்நியமாகப் படுகிற இடமே இல்லை. 1896-ல் பிளேக் வந்து பம்பாய் கதிகலங்கியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தார்கள். அது கோடு போட்டு வகுத்த தெருக்கள்தான் எங்களுடையவை. மரம் கவிந்த நடைபாதைகள், ஐந்து தோட்டங்கள், வட்டமான கிங்ஸ் சர்க்கிள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. 1940-ல் கஃபே மெட்ராஸ், 1942-ல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். பாட்டுக் கேட்க ஷண்முகானந்தா அரங்கம். 1963-ல் கட்டி, 1990-ல் தீயில் எரிந்து, 1998-ல் மறுபடி திறந்தது. மார்க்கெட்டுக்குப் போனால் வாழைத்தண்டு, சேப்பங்கிழங்கு, முழம் போட்டு விற்கும் மல்லிகை. இத்தனை இருந்தும் நாங்கள் பாதிப் பேர் மனசுக்குள் வெயிட்டிங் லிஸ்டிலேயே காலம் தள்ளினோம்.

எங்கள் வீட்டில் அந்த வெயிட்டிங் லிஸ்ட் பரணில் இருந்தது. டிரங்குப் பெட்டி. பழைய வேட்டியில் சுற்றிய உருளி. கல்யாணங்களில் வந்த எவர்சில்வர் பாத்திரங்கள். அட்டைப் பெட்டி பிரிக்காத டின்னர் செட். தலையணை உறைகளோடு நாலு நல்ல பெட்ஷீட். எதை வாங்கினாலும் "இருக்கட்டும், ஊர் வீட்டுக்கு ஆகும்" என்று மேலே ஏற்றிவிடுவோம். கீழே, விளிம்பு உடைந்த கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

ஊர் வீடு 2009-ல் விற்றுப்போனது. கொழுந்தன்மார்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தாயிற்று. பரண் மட்டும் அப்படியே இருந்தது. போக ஒரு வீடு இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டுக்காகச் சேர்க்கிற பழக்கம் போகவில்லை.

2021 மழையில் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. வந்த மேஸ்திரி பரணைக் காலி பண்ணச் சொன்னார். எதிர்வீட்டுப் பையன் ஏறி எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தான். காரை பூசி முடிந்ததும் அவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஸ்டூலில் ஏற எங்களுக்கு டாக்டரின் தடை. ஒரு மாதம் கூடத்தில் நடக்கும்போதெல்லாம் உருளி காலில் இடித்தது. பரணைப் பற்றி ஞானம் பிறந்து நாங்கள் எதையும் மாற்றவில்லை. திரும்ப ஏற்றத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

கீழே கிடந்ததையெல்லாம் புழங்க ஆரம்பித்தோம். உருளிக்கு முதலில் ஈயம் பூச வேண்டியிருந்தது. இந்த ஊரில் கலாய்வாலா என்பார்கள். முன்பெல்லாம் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர் ஒருவர், கட்டடத்து முற்றத்தில் சின்னக் குழியில் கரி போட்டுத் துருத்தியைச் சுற்றினார். உருளியைத் தேய்த்துக் கழுவி நெருப்பில் கவிழ்த்தார். நன்றாகச் சூடேறியதும் நிமிர்த்தி, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத் துண்டை ஓர் இழுப்பு இழுத்தார். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. பஞ்சை வைத்து ஒரு சுற்றுத்தான் தேய்த்தார். கறுத்துக் கிடந்த உட்பக்கம் விளிம்பு வரைக்கும் வெள்ளி மாதிரி விரிந்துகொண்டே போனது. பிறகு தண்ணீரில் முக்க, 'சொய்ய்' என்ற சத்தம். அம்மா வீட்டுப் பின்கட்டில் நான் கேட்ட அதே சத்தம். முதல் மாடி ஜன்னலில் நின்ற குஜராத்திப் பாட்டி அங்கிருந்தே கைதட்டினார்.

மறுநாள் அதில் சொதி வைத்தோம். 'வைத்தோம்' என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். மும்பையில் வாழும் எழுத்தாளர் அம்பையின் 1988 தொகுப்புக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர். எங்கள் வீட்டிலும் அது மூலையில்தான். முப்பத்து நாலு வருஷம் ஆபீஸுக்கும் போய்க்கொண்டு அந்த மூலையில் தனியாக நின்றவள் நான். காலை 8.12 லோக்கலைப் பிடிக்கிற அவசரத்தில் எத்தனை குழம்பு அடிப்பிடித்தது என்று கணக்கில்லை. அந்த நாளில் யாராவது வந்து வீட்டில் இருப்பதன் நிறைவைப் பற்றிப் பேசியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

வீட்டுக்காரர் உள்ளே வந்தது கொரோனா ஊரடங்கில்தான். வெளியே போக வழியில்லாமல் தேங்காய் துருவ உட்கார்ந்தார். இப்போது தேங்காய்ப்பால் பிழிவது முழுக்க அவருடைய இலாகா. மூன்றாம் பாலில் காயும் பாசிப்பருப்பும் வேக வேண்டும், அடுத்து இரண்டாம் பால், கடைசியில் கெட்டியான முதல் பால். அதை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். லேசாக நுரை கூடும்போதே அடுப்பை அணைத்து எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எழுபத்தேழு வயது மனிதர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அந்த நுரைக்காகக் காத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். பம்பாய் மெயிலுக்குக்கூட அவர் அப்படிக் காத்திருந்ததில்லை. கூட இஞ்சிப் பச்சடி. பிரித்த டின்னர் செட்டில் இரண்டே தட்டு. சமையலறை எனக்குப் பிடித்துப்போனது இப்படித்தான். அங்கே இன்னொரு ஆள் நிற்கிறார், ஓடிப் பிடிக்க 8.12 இல்லை.

மற்றபடி எங்கள் நாளில் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. காலை ஐந்தரைக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும். குழாய் முதலில் இருமும், அப்புறம் செருமும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். தான்சா, வைதர்ணா, பாத்சா என்று எங்கெங்கோ இருக்கிற ஏரிகளிலிருந்து வருகிறது. அந்த இருமலுக்கு நான் எழுந்துவிடுவேன். எட்டு மணிக்கு பால்கனியில் வெயில். முன்பு பத்து மணி வரை இருக்கும். எதிரே இருபத்திரண்டு மாடி எழும்பிய பிறகு, டிசம்பரில் சரியாக நாற்பது நிமிஷம். அதற்குள் இரண்டு நாற்காலியையும் மூன்று தடவை நகர்த்துவோம். பேச்சு அதிகம் இருக்காது. அவர் முழங்காலை நீட்டி வெயிலில் வைப்பார். நான் கீரை ஆய்வேன். ஒன்பதுக்கு முன்னால் நிழல் வந்துவிடும், எழுந்துகொள்வோம்.

இதெல்லாம் எல்லோருக்கும் வாய்க்கிறதா என்றால் இல்லை. செம்பூரில் என் மதினி மகனோடு பதினாலாவது மாடியில் இருக்கிறார். மகன் தங்கமான பிள்ளை, ஒரு குறை வைப்பதில்லை. அதுதான் மதினிக்குக் குறை. "அடுப்புப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. நான் விருந்தாளியாட்டம் உக்காந்திருக்கேன்" என்பார். சாயங்காலம் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போவார். படியேற முடியாது. கீழே செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கும்பிடுவார். திரும்பும் வழியில் கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிப் போய், யாரும் பார்க்காமல் தன் அறையில் வைத்து உரித்துக் கொடுப்பாராம். அன்றைக்கு நல்ல தூக்கம் வருகிறதாம்.

எங்கள் வீட்டு வேலைக்கு உதவியாக வருகிற தங்கச்சி தாராவிக்காரி. அறுபது தாண்டியவள், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்களில் வேலை செய்யத் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்களில் அவள் மாமனார் குடும்பமும் ஒன்று. தைப்பொங்கல் அன்று தொண்ணூறு அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவார்கள், அவளும் உண்டு. அவள் வீடு கீழே ஒரே அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே மகன் குடும்பம். "மேல பேரன் ஓடுத சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணடைக்கும்க்கா" என்பாள். அந்த அறையில் வெயில் விழாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

தாராவி மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, தவணைப் பணம் கட்டி. அவளுக்கு இப்போதிருப்பதைப்போல மூன்று மடங்கு பெரிய வீடு, தனிக் கக்கூஸ், குழாய்த் தண்ணீர். ஐம்பது வருஷம் அவள் ஏங்கியதெல்லாம் அதற்குள் இருக்கிறது. "நல்லதுதான்க்கா. ஆனா தலைக்கு மேல யார் ஓடுவா?" என்று ஒருநாள் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுடைய நிறைவுக்குக் கூரையாக இருப்பது இன்னொருவர் வீட்டுத் தரை. சதுர அடிக் கணக்கு போடுகிறவர்கள் அதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

எங்களுக்கும் நாள் நெருங்குகிறது. எங்களுடையது 'பகடி' கட்டடம் (ஒருமுறை பெருந்தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் காலமெல்லாம் இருக்கிற முறை), 1930-களில் எழுந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் மாத வாடகை ஒரு கிலோ காப்பிப்பொடி விலைகூட வராது. இடித்துக் கட்டுவதற்குப் போன மார்ச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வெளியேறச் சொன்னால் மூன்று நாலு வருஷம் வேறெங்காவது வாடகைக்கு இருக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் எங்கள் பங்குக்கு எந்தத் திசை விழும், எட்டு மணி வெயில் அங்கே வருமா என்று யாரும் சொல்லவில்லை. சாவி வாங்க நாங்கள் இருவரும் இருப்போமா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்கு வந்து, எதையும் எடுத்துக் கட்டிவைக்கவில்லை. அன்றைக்கும் அந்த நல்ல பெட்ஷீட்டைத்தான் விரித்துப் படுத்தோம். பழைய நாளாக இருந்தால், "இருக்கட்டும், புது வீட்டுக்கு ஆகும்" என்று மடித்து வைத்திருப்பேன்.

ஆகவே தோழிக்கு, இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கும் போகிறது என்பதால், இதிலேயே பதில் எழுதிவிடுகிறேன். ஊருக்கு வருகிறோம். தை பிறந்ததும் பத்து நாள். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு நேர் ரயில் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று ரயிலில் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் திரும்பக் கொடுக்கவில்லை. ஆனாலும் போக வர இரண்டு பக்கமும் சேர்த்தே டிக்கெட் போட்டிருக்கிறோம்.

ஏட்டி, எனக்கு ஒரு காரியம் செய். பத்தமடையில் சொல்லி ஒரு கோரைப்பாய் வாங்கி வை. கல்யாணப் பட்டுப்பாய் வேண்டாம், சாதாரணப் பாய் போதும். எங்கள் பால்கனி அகலம் மூன்றரை அடி, நீளம் ஒன்பது. நாற்காலியை நகர்த்தி நகர்த்தி இவருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. பாயென்றால் வெயில் போகிற பக்கம் ஆளே நகர்ந்துகொள்ளலாம். வீடு மாற்றச் சொல்கிற அன்றைக்குச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவும் தோதாக இருக்கும்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து